உருகிப்போன இருபது குப்பிகள்

பதினான்கு வருடங்களுக்கு முன் நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் என் நண்பர் வேலையை இழந்தார். வேலையை மட்டும் அல்ல, அதைவிடப் பெரிய ஒன்றையும் இழந்தார் என்பது எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது. பொய் என்றதும் ஏதோ பெரிதாகக் கதை கட்டினேன் என்று தோன்றலாம். இரண்டே வாக்கியங்கள்தான். இரண்டையும் அப்படியே இங்கே எழுதப் போகிறேன்.

அப்போது நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் பிரிவுத் தலைவர். வெளியார் அனுப்பும் மருந்துப் பொருள்களைப் புற்றுநோய்ச் செல்களின் மேல் சோதித்து அறிக்கை எழுதித் தருவது எங்கள் தொழில். ஒரு பக்கம் ரப்பர் வார்க்கும் பட்டறை, மறுபக்கம் அட்டைப்பெட்டிக் கம்பெனி, நடுவில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நாங்கள் பதினெட்டுப் பேர்.

நண்பர் அங்கே செல் வளர்ப்பவர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். புற்றுநோய்ச் செல்களைத் தட்டையான பிளாஸ்டிக் புட்டிகளில், சிவப்பான ஒரு திரவத்தில் வளர்ப்பார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவும் செல்களுக்குக் கிடையாது. அவர் செல்களைப் "பசங்க" என்பார், திரவத்தை "ரோஸ்மில்க்" என்பார். "பசங்களுக்கு ரோஸ்மில்க் ஊத்திட்டு வரேன், சாப்ட ஆரம்பிச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். காற்றில் இருக்கும் ஒரு பூஞ்சைத் துகள் விழுந்தால் போதும், ஒரு மாத உழைப்பு பாழாகிவிடும். நான் அவரோடு வேலை பார்த்த பதினொரு வருடங்களில் அவர் புட்டி ஒன்றுகூடக் கெட்டதில்லை. மற்ற ஆய்வுக்கூடங்களிலிருந்து ஆள் வந்து அவர் வேலை செய்வதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனதுண்டு.

நான் பட்டாபிராம் சைடிங்கில் கிளம்பும் வண்டியில் ஏறுவேன். அவர் ஆவடியில் ஏறுவார். ஆவடியில் கூட்டம் பிதுங்கும். அதுவரை பக்கத்து இடத்தில் என் சாப்பாட்டுப் பையை வைத்து, கேட்கிறவர்களிடமெல்லாம் "ஆள் வருது" என்று சொல்லிக் காப்பாற்றி வைத்திருப்பேன். பட்டரவாக்கத்தில் இறங்கும்வரை பேசிக்கொண்டே போவோம். ரயிலில் நான் அவருக்கு அண்ணாத்தே. ஆய்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டியதும் சார்.

"ஏன் இப்படி ரெண்டு விதமா கூப்பிடறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேட்டுக்கு உள்ள சாரு, கேட்டுக்கு வெளிய அண்ணாத்தே. ரெண்டையும் கலந்துகினா ரெண்டும் கெட்டுப்பூடும்" என்றார்.

என் வாழ்நாளில் அந்த இருபது நிமிடங்களைப் போல நான் யாருடனும் இருந்ததில்லை. மனைவியோடும் இல்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அவள் இருந்தபோதே இதை என்னிடம் சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

நடந்ததற்குக் காரணம் ஒரு புரதம். மனித உடம்பிலேயே உண்டாகிற புரதம்தான் அது. கெட்டுப்போன செல்லைத் தொட்டு "நீ செத்துப்போ" என்று சொல்வதுபோல ஒரு செய்தியைக் கொடுக்கும், நல்ல செல்லை விட்டுவிடும். அதனால் புற்றுநோய் ஆராய்ச்சியில் இருந்தவர்களுக்கு அதன் மேல் ஒரு பெரிய ஆசை. உடம்பிலிருந்து அதை எடுத்துச் சேர்க்க முடியாது. மனிதனின் மரபணுத் துண்டை ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்தப் பாக்டீரியாவையே அதைச் செய்யவைத்து, பிரித்து, உலர்த்தி அனுப்புவார்கள். "மனுஷன் சரக்கு, கிருமி சமையல். பரிமாறுறது மட்டும் நாம" என்பார் நண்பர்.

அது வரும் குப்பி சுண்டுவிரல் நுனியளவு இருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் காலிக் குப்பி என்றே நினைப்பார்கள். அடியில் மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு வெண்படலம், அவ்வளவுதான். அதைக் கரைப்பது ஒரு கலை. திரவத்தைக் குப்பியின் சுவரோரமாக வழியவிட வேண்டும். குலுக்கக் கூடாது. குலுக்கினால் நுரைக்கும், நுரைத்தால் புரதம் உருக்குலைந்துவிடும். கரைந்ததும் அதை ஒவ்வொரு முறைக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, மைனஸ் எண்பது டிகிரி ஆழ்குளிர்ப் பெட்டிக்குள் உறையவைக்க வேண்டும். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. உறையவைத்தால் செத்துப்போகும். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. தண்ணீர் போலத்தான் முன்பும் இருந்தது, பின்பும் இருக்கும்.

நண்பர் அதைக் கரைத்து இருபது குப்பிகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் எறும்பு போன்ற தன் கையெழுத்தில் எண் எழுதினார். மாதிரிக்கென்று கூடவே வந்திருந்த வேறொரு குப்பியைத் தனியாகக் கரைத்து, முதலில் அதைச் செல்களில் சோதித்துப் பார்த்தார். அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். செல்களின் மேற்பரப்பு குமிழ் குமிழாகக் கொதித்துக்கொண்டிருந்தது. செல் சாகத் தொடங்கினால் அப்படித்தான் இருக்கும்.

"பால் பொங்குது, பாத்தீங்களா சார்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த வாரக் கடைசியில் ஆயுத பூஜை. எங்கள் பேட்டையில் ஆயுத பூஜையை எந்தப் பட்டறையும் விடாது. கடைசல் இயந்திரத்திலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். நுண்ணோக்கிக்குக்கூட ஒரு முழம் பூ உண்டு. நண்பர் கத்தோலிக்கர். மச்சான் வீட்டு நிச்சயதார்த்தம் என்று அன்று விடுப்பு எடுத்திருந்தார். முந்தின நாள் ரயிலில் என்னிடம் சொன்னார்:

"அண்ணாத்தே, குளிர்ப்பெட்டிய மட்டும் தொறக்காதீங்கோ. கதவுல பொட்டு வெச்சா போதும். சாமி கோச்சுக்காது."

"சர்ச்சுக்குப் போற ஆளு, எங்க சாமி கோபம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷமா பொரி துன்னுகினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலையில், இயக்குநர் குடும்பத்தோடு வருகிறார் என்று செய்தி வந்தது. குளிர்ப்பெட்டியின் கதவைத் திறந்து பார்த்தேன். விளிம்பெல்லாம் பனி தடித்து, அழுக்கேறி, அசிங்கமாக இருந்தது. இயக்குநர் எல்லாவற்றையும் திறந்து பார்க்கிற ஆள். மேல் தட்டை மட்டும் காலி செய்து பனியைச் சுரண்டிவிடலாம் என்று நினைத்தேன். மற்றவர்கள் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தனியாகத்தான் செய்தேன். தட்டில் இருந்த மற்றப் பெட்டிகளை அப்படியே கீழ்த்தட்டில் திணித்தேன். இந்த இருபது குப்பிகள் இருந்த பெட்டியை மட்டும், விலைமதிப்பற்றது, கீழே நெருக்கித் திணிக்கக் கூடாது என்று தனியாக ஓர் ஐஸ் தட்டில் வைத்து மேசைக்கு அடியில் நிழலாக வைத்தேன். அதிக அக்கறை எடுத்துக்கொண்டதனால்தான் அதை மறந்தேன். மற்றவை எல்லாம் பிழைத்துக்கொண்டன.

இயக்குநர் வந்தார். கற்பூரம் காட்டினோம். சாலையில் பூசணிக்காய் உடைத்தோம். பொரி, கடலை, சுண்டல். புகைப்படம். எல்லோரும் கிளம்பின பிறகு கோட்டை மாட்டி வைக்கப் போனவன் காலில் தட்டு இடித்தது. உள்ளே ஐஸ் இல்லை. தண்ணீரில் குப்பிகள் மிதந்துகொண்டிருந்தன. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், ஒவ்வொரு குப்பியையும் டிஷ்யூ தாளால் துடைத்தேன். எண் வரிசைப்படி அடுக்கினேன். மறுபடி குளிர்ப்பெட்டியில் வைத்து மூடினேன்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் விஜயதசமி, விடுமுறை. அதற்கடுத்த நாள் ரயிலில் அவர் நிச்சயதார்த்தச் சாப்பாட்டைப் பற்றி ஆவடியிலிருந்து பட்டரவாக்கம் வரைக்கும் பேசினார். நான் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அதன்பின் மூன்று வாரம் அவர் அந்தக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செல்களுக்குக் கொடுத்தார். செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பைவிடச் செழிப்பாக வளர்ந்தன. "பசங்க சாவ மாட்டேன்றாங்க சார். நான் எங்கியோ தப்பு பண்றேன்" என்றார். புது செல்லை எடுத்துச் செய்தார். புதுத் திரவம் கலந்து செய்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக வந்து செய்தார். நான் பக்கத்தில் நின்று, "இன்னொரு தரம் பாரு" என்று சொன்னேன். நூறு தரம் செய்தாலும் வராது என்று தெரிந்தே சொன்னேன்.

குப்பிகள் தீர்ந்தன. அனுப்பியவர்கள் விளக்கம் கேட்டார்கள். இயக்குநர் அறையில் கூட்டம். நான், நண்பர், இன்னும் நான்கு பேர்.

"ஸ்டாக் எப்பவாவது வெளிய எடுக்கப்பட்டதா?" என்று இயக்குநர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்" என்றேன்.

இது முதல் வாக்கியம். இதோடு நிறுத்தியிருந்தால் யாருடைய தவறு என்று தெரியாமலே போயிருக்கலாம். அறையில் யாரும் பேசவில்லை. அந்த அமைதி என் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயந்தேன். எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் ஆலோசகராக வைத்துக்கொள்வதாக இயக்குநர் சொல்லியிருந்தார். இரண்டாவது வாக்கியம் தானாக வந்தது:

"கரைக்கும்போது கொஞ்சம் வேகமாக் குலுக்கியிருக்கலாம்."

நண்பர் என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வேலையை விட்டு யாரும் அவரை அனுப்பவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். கடைசி நாளில் செல்களுக்கெல்லாம் திரவம் மாற்றிவிட்டு, அடுத்து வருகிறவருக்கு எந்தப் புட்டிக்கு என்றைக்கு ஊற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு வந்தார். அன்று ரயிலில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். ஆவடியில் இறங்கும்போது, "வரேன் சார்" என்றார்.

நான் இன்னும் ஒரு வருடம் அந்த வண்டியில் போனேன். ஆவடி வரும்வரை பக்கத்தில் பையை வைத்திருப்பேன். யாராவது "ஆள் வருதா?" என்று கேட்டால், இல்லை என்று பையை எடுத்துக்கொள்வேன். அவர் பூந்தமல்லியில் ஏதோ இரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்துவிட்டதாகவும் நசரத்பேட்டைக்குக் குடிபோய்விட்டதாகவும் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. போனால் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாமல் அவரோடு உட்கார்ந்து பேச மட்டும் முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கேவலம் அந்த அளவுக்கு இருந்தது.

போன வருடம் காட்டுப்பாக்கத்தில் பழைய சக ஊழியர் ஒருவர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் நண்பர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போது எங்களோடு வேலை பார்த்த இன்னொருவர், பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த தன் மருமகனிடம் அவரைக் காட்டி, "மாப்ளே, இவர் கையில டம்ளரைக் குடுக்காத. குலுக்கி வீணாக்கிடுவாரு. கோடி ரூவா புரோட்டீனையே காலி பண்ண கை அது" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்லப்பட்டதல்ல. பல தடவை சொல்லிப் பழகிய வேடிக்கை என்று சிரித்த விதத்திலேயே தெரிந்தது.

நண்பரும் சிரித்தார். "ஆமாமா, நீயே ஊட்டி வுட்டுடு" என்றார்.

நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டேன். இத்தனை வருடங்களாக அவர் போகிற இடமெல்லாம் என் வாக்கியம் கூடவே போயிருக்கிறது. அதுவரை, முடிந்துபோன ஒரு விஷயம் என்றுதான் நான் வைத்திருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நசரத்பேட்டை போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். நண்பர் உள்ளேயிருந்து, "வாங்க சார், குந்துங்க" என்றார்.

தண்ணீர் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். பனி சுரண்டியது, ஐஸ் தட்டு, துடைத்து வைத்தது, இரண்டு வாக்கியங்கள். எதையும் மெழுகவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் அவர் கேட்டது இதுதான்:

"எவ்ளோ நேரம் வெளிய இருந்துச்சு?"

"மூணு மணி நேரத்துக்கு மேல."

"ஐஸு?"

"முழுசா தண்ணியாயிடுச்சு."

"அப்பால திரும்ப மைனஸ் எண்பதுல வெச்சீங்க."

"ஆமா."

கொஞ்ச நேரம் கணக்குப் போடுகிறவர் மாதிரி கூரையைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "நான் குலுக்கல" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் பொய் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னதை அவர் நம்பியிருந்தார். படித்தவன், தலைவன், அண்ணாத்தே சொல்கிறான், குலுக்கித்தான் இருப்போம் என்று நம்பியிருந்தார்.

அவர் மனைவி பேசினார். குரலை உயர்த்தவில்லை. குப்பியைச் சாய்த்துப் பிடிப்பதுபோல விரல்களைக் குவித்துக் காட்டினார். "தூக்கத்துல கைய இப்டி இப்டி புடிச்சிக்கினு கெடப்பாரு சார். இன்னாய்யா பண்றேன்னா, மெதுவாதான ஊத்துனேன், மெதுவாதான ஊத்துனேன்னுவாரு. பெரிய கம்பெனில இருந்து ஆள் வந்து கூப்டாங்க, செல்லு வளக்குற வேலைக்கி. போவல. என் கைய நம்ப முடியலன்னுட்டாரு. இங்க ரத்தம் எடுக்கற எடத்துல குந்திகினு, ஒரு ட்யூபு பேர நாலு வாட்டி பாக்குறாருன்னு புள்ளைங்க கிண்டல் பண்ணுதுங்க. இதுக்கு நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா போதும்."

"போதும் வுடு" என்றார் நண்பர்.

"மன்னிச்சுக்கோங்க" என்றேன். இருவரிடமும்தான் சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. அன்னைக்கி அந்த ரூம்ல குந்திகினு இருந்தாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க சார்" என்றார் நண்பர். அண்ணாத்தே என்று ஒருமுறைகூட வரவில்லை. நானும் எதிர்பார்த்துப் போகவில்லை என்று எழுத ஆசை. எதிர்பார்த்துத்தான் போனேன்.

அந்த நால்வரில் ஒருவர் இறந்துவிட்டார். மற்ற மூவரையும் நேரில் போய்ப் பார்த்தேன். இயக்குநர் இப்போது மகனோடு இருக்கிறார், காது கேட்பதில்லை. அவருக்குப் பெரிய எழுத்தில் கடிதமாக எழுதிக் கையில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "அவரோட நம்பர் இருக்கா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வேடிக்கை இந்த நால்வரோடு நிற்கவில்லை என்பதால், பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன். என்ன செய்தேன், என்ன சொன்னேன், அவர் கை எந்தத் தவறும் செய்யவில்லை என்று தமிழில் நீளமாக, ஒரு விரலால் தட்டி, இரண்டு மணி நேரம் எழுதினேன்.

எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று நீலக் குறி காட்டியது. பிறகு ஒருவர் கும்பிடும் கை போட்டார். ஒருவர், "பழசை விடுங்க சார், உடம்பைப் பாத்துக்கோங்க" என்றார். பந்தியில் வேடிக்கை பேசியவர் எனக்குத் தனியாகப் போன் செய்து, "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். மறுநாள் காலை யாரோ ரோஜாப் பூவோடு காலை வணக்கம் போட்டார்கள். அதற்குக் கீழே இன்னும் நான்கு காலை வணக்கங்கள் வந்தன. என் வாக்குமூலம் மேலே போய்விட்டது.

நண்பர் அந்தக் குழுவில் இல்லை. யாரும் அவரைச் சேர்த்ததே இல்லை. சேர்க்கச் சொல்லி, அதை மறுபடி போட்டேன். சாயங்காலம் அவர் எழுதினார்: "ஸ்டாக் மூணு மணி நேரம் ஐஸ் இல்லாம இருந்திருக்கு. நான் கரைச்சது சரி." யாரும் கேள்வி கேட்காமல் பத்துப் பேர் கட்டைவிரல் போட்டார்கள். மறுநாள் அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

இரண்டு மாதம் பொறுத்து மறுபடி நசரத்பேட்டைக்குப் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்.

"டைரக்டரு போன் பண்ணாரு. அவருக்குக் காது கேக்கல, இவருக்கு அவரு பேசுறது புரியல. ரெண்டு பேரும் அரை மணி நேரம் கத்திகினு இருந்தாங்க" என்றார். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, எனக்கும். பிறகு, "போன ஞாயித்துக்கெழம பையன் ஊட்டுக்குப் போயிருந்தோம். அவங்கிட்ட எல்லாத்தையும் சொன்னாரு. யாருப்பா அந்த ஆளுன்னு கேட்டான். பேரு சொல்லல" என்றார்.

"ஏன்?"

"நான் கேக்கல. நீங்களும் அவராண்ட கேக்காதீங்க."

"நான் அவரைப் பார்க்க வரலாமா? ஒரு அரை மணி நேரம். சும்மா."

"கேட்டேன் சார், நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சி நானே கேட்டு வெச்சேன். இப்ப வேணாம்னாரு."

எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. சொல்லாமல் தலையசைத்துவிட்டு, ஷேர் ஆட்டோ நிற்கும் இடம்வரை நடந்து வந்தேன்.